இரும்பில் ஒரு மாவிலைத் தோரணம்: 21 இலையும் ஒரே அளவில் வர

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் புது வீடு வாங்கிய ஓர் அக்கா, பிறை என்ற ஊரில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்து கேட்டார். "தம்பி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கேட்டுல மாவிலை கட்டுறேன், மூணு நாள்ல காஞ்சு சுருண்டுடுது. இரும்புலயே ஒரு தோரணம் செஞ்சு தர முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். ஒரு மாவிலை அடிப்பது பெரிய வேலை இல்லை. உலை, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல், சுத்தியல் இருந்தால் புதிதாக வந்தவர்கூட இரண்டாவது வாரத்தில் ஓர் இலையை அடித்துவிடுவார். ஆனால் அக்கா கேட்டது 21 இலை. ஒரே கம்பியில், ஒரே உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில் தொங்க வேண்டும். தனியாகப் பார்த்தால் அழகாக இருக்கிற இலை, வரிசையில் 5 மி.மீ. நீளமாகத் தொங்கினால் தெருவில் போகிறவர் கண்ணிலும் படும்.

இந்தக் கட்டுரை அந்த 21 இலையைப் பற்றியது. பட்டறை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை நினைத்து எழுதுகிறேன். கிரில் வைத்த ஜன்னலுக்குச் சுருள் அடிப்பதானாலும், தைப்பூசத்துக்கு முன்னால் காவடிக்கு ஒரே அளவில் வேல் அடிப்பதானாலும் முறை இதுதான். பினாங்கில் இந்த வேலைக்குக் குறைவே இல்லை. ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு பழைய கடைவீடுகளைப் பழையபடியே சீர்செய்கிறார்கள். கடைவீட்டு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையைப் பார்த்த ஜன்னலில் எட்டுச் சுருள் இருந்து இரண்டு துருப்பிடித்து விழுந்திருந்தால், மீதி ஆறோடு ஒத்துப்போகிற மாதிரி இரண்டு அடித்துத் தர ஆள் வேண்டும்.

கண்ணை நம்பினால் என்ன ஆகும்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் சுவரில் மாட்டும் விளக்குக் கொக்கி 12 அடிக்கச் சொன்னார்கள். ஒன்றை அடித்தேன், நன்றாக வந்தது. அதைப் பக்கத்தில் வைத்து இரண்டாவதை அடித்தேன். இரண்டாவதைப் பார்த்து மூன்றாவது, மூன்றாவதைப் பார்த்து நான்காவது. அப்படியே 12-ம் முடிந்தது. ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதைப் போலவேதான் இருந்தது. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியபோது பன்னிரண்டாவது கொக்கி முதலாவதைவிட ஒரு விரற்கடை நீளம்.

பட்டறையில் மூத்தவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து பார்த்தார்.

"எதைப் பார்த்து அடிச்சே?"

"இதுக்கு முன்னாடி அடிச்சதை மாமா."

"முதல்ல அடிச்சதை எடுத்து ஆணியில மாட்டு. இனிமே அதை மட்டும் பாரு."

இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலே வேலை பாதி சரியாகிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் தவறினால் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஒரு மில்லிமீட்டரை அடுத்தது வாங்கிக்கொண்டு தன் பங்குக்கு இன்னொன்றைச் சேர்க்கும். அதனால் மாதிரி இலை ஒன்றுதான் இருக்க வேண்டும். எல்லா இலையும் அதோடுதான் ஒத்துப்பார்க்கப்பட வேண்டும்.

இரண்டு மாதிரி அடியுங்கள்

முதலில் ஓர் உண்மையான மாவிலையைப் பறித்து வந்து, இரும்புத் தகட்டின் மேல் வைத்து, ஓரத்தைச் சுற்றி ஆணி முனையால் கீறி வரைந்துகொள்ளுங்கள். காகிதத்தில் வரைந்தால் சூடான இலையை அதன் மேல் வைத்துப் பார்க்க முடியாது. சாக்பீஸ் கோடு இரண்டு தடவையில் அழிந்துவிடும். தகட்டில் கீறிய கோடு வேலை முடியும்வரை நிற்கும். நான் எடுத்துக்கொண்ட அளவு: இலை 140 மி.மீ. நீளம், நடுவில் 32 மி.மீ. அகலம், சராசரி 2.5 மி.மீ. கனம். காம்பு 6 மி.மீ. உருண்டை, 100 மி.மீ. நீளம்.

அப்புறம் முதல் மாதிரியை அடியுங்கள். இது கற்றுக்கொள்வதற்கு. எத்தனை தடவை உலையில் வைத்தீர்கள், எந்த வேலைக்கு எத்தனை அடி, எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் ஒருவரை எண்ணச் சொன்னாலும் சரி.

இரண்டாவது மாதிரியை அந்த நோட்டைப் பார்த்து மட்டும் அடியுங்கள். முதல் இலையைப் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் குறிப்பு சரி. ஒத்துப்போகவில்லை என்றால் நீங்கள் கையால் செய்த ஏதோ ஒன்று எழுத்தில் வரவில்லை என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டு மறுபடி அடியுங்கள். இதில் ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. 21 இலை அடிக்கும்போது அந்த ஒரு நாள் திரும்பி வந்துவிடும்.

எவ்வளவு இரும்பு வேண்டும்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம் இது. இரும்பைத் தட்டினால் அது நகரும், காணாமல் போகாது. தட்டித் தட்டி அகலமாக்கினாலும் நீளமாக்கினாலும் உள்ளே இருக்கும் இரும்பின் அளவு அதேதான். ஆகவே எல்லா இலைக்கும் ஒரே அளவு இரும்பு போனால், நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும்போது கனமும் தானாக ஒன்றாக வரும். அளவு தப்பாகப் போட்டால் எந்தக் கைவண்ணமும் காப்பாற்றாது.

12 மி.மீ. உருண்டைக் கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் வெட்டுமுகம் சுமார் 113 சதுர மி.மீ. மாவிலையின் பரப்பு, நீளத்தை அகலத்தால் பெருக்கி வருவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. என் தகட்டில் கீறிய கோட்டைக் கட்டம் போட்டு எண்ணியபோது 2,900 சதுர மி.மீ. வந்தது. 2.5 மி.மீ. கனத்தால் பெருக்கினால் 7,250 கன மி.மீ. அதை 113-ஆல் வகுத்தால் 64. ஆக, இலைக்கு 65 மி.மீ. கம்பி.

காம்புக்குக் கணக்கு இன்னும் சுலபம். கம்பியின் விட்டத்தைப் பாதியாக்கினால் நீளம் நாலு மடங்கு ஆகும். 12-ஐ 6 ஆக்கி 100 மி.மீ. வேண்டுமென்றால் 25 மி.மீ. கம்பி போதும். 65-ம் 25-ம் சேர்த்து ஓர் இலைக்கு 90 மி.மீ.

12 மி.மீ. உருண்டைக் கம்பி ஒரு மீட்டருக்கு 888 கிராம் எடை. அப்படியென்றால் 90 மி.மீ. துண்டு 80 கிராம். சூடேறும்போது மேல் தோல் செதிலாக உதிர்வதால் முடிந்த இலையில் இரண்டு மூன்று கிராம் குறையும். என் மாதிரி 77 கிராம் வந்தது. பட்டறையில் சமையலறைத் தராசு ஒன்றை வைத்திருக்கிறேன், மாவு நிறுக்கிற அதே டிஜிட்டல் தராசு. முடிந்த இலை ஒவ்வொன்றையும் ஆறவைத்து அதில் வைத்துப் பார்ப்பேன். 72 கிராம் காட்டினால் வெட்டிய இடம் தப்பு, அல்லது உலையில் அதிக நேரம் கிடந்திருக்கிறது. நாடா பிடித்து அளப்பதைவிட இது சீக்கிரம்.

கம்பி வாங்கும்போது சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், மென்மையான எஃகு) கம்பி என்று கேளுங்கள். எல்லா இலைக்கும் ஒரே கம்பியிலிருந்து எடுங்கள். வரிவரியாக இருக்கும் கட்டடக் கம்பி மலிவாகக் கிடக்கிறது என்று அதை நடுவில் கலந்துவிடாதீர்கள். அதன் கடினம் வேறு, சுத்தியலுக்கு அது வேறு மாதிரி பதில் சொல்லும். துத்தநாகம் பூசிய குழாயையோ கம்பியையோ உலையில் வைக்கவே கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தவருக்கு ராத்திரியே குளிர்காய்ச்சல் வந்துவிடும்.

90 மி.மீ. துண்டாக முதலிலேயே வெட்டிவிட வேண்டாம். அவ்வளவு சின்னதைக் குறட்டால் பிடித்து அடிப்பது புதியவருக்குக் கஷ்டம், குறடு நழுவும். 6 மீட்டர் கம்பியில் பாதியை எடுத்து ஆறு 500 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். நுனியில் இலையை அடித்து முடித்து, கடைசியில் வெட்டி எடுங்கள். அப்படி ஒரு கம்பியில் நாலு இலை வரும், கைப்பிடிக்கு 140 மி.மீ. மிஞ்சும். மொத்தம் 24 இலை. மூன்று உபரி இருப்பது நல்லது.

வெளிச்சமும் சூடும்

நாங்கள் பக்காவ் கரி எரிக்கிறோம். பேராக் மாநிலத்தில் கோலா செப்பெத்தாங் பக்கம் சதுப்புநிலக் கண்டல் மரத்தைச் சுட்டுச் செய்யும் கரி அது. நின்று எரியும். கேஸ் உலை இருந்தால் புதியவருக்கு இன்னும் நல்லது, ஏனென்றால் சூடு ஒரே நிலையில் நிற்கும்.

இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டைத் தெரிந்துகொள்கிறோம். மங்கிய சிவப்பு என்றால் சுமார் 700 டிகிரி செல்சியஸ், பழுத்த ஆரஞ்சு என்றால் 950-இலிருந்து 1,000, மஞ்சள் என்றால் 1,100-க்குப் பக்கம். வெள்ளையாகிப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது, அந்த நுனியை வெட்டி எறிய வேண்டியதுதான். இலை வேலைக்கு ஆரஞ்சில் எடுத்து, மங்கிய சிவப்பு வரும்போது நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே அடித்தால் கை வலிக்கும், இரும்பு நகராது, ஓரத்தில் வெடிப்பு விழும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. காலை எட்டு மணிக்கு ஆரஞ்சாகத் தெரிகிற சூடு, மத்தியானம் பட்டறைக்குள் வெயில் அடிக்கும்போது மங்கிய சிவப்பாகத் தெரியும். இரும்பு அதேதான், வெளிச்சம்தான் மாறியிருக்கிறது. அது தெரியாமல் மத்தியானத்தில் "இன்னும் பழுக்கவில்லை" என்று உலையில் விட்டுவைப்போம். காலையில் அடித்த இலையும் மத்தியானம் அடித்த இலையும் வேறுவேறாக வருவதற்கு எங்கள் பட்டறையில் பல வருஷம் இதுதான் காரணமாக இருந்தது. இப்போது உலைக்கு மேலே தகரத்தில் ஒரு மறைப்பு போட்டு, வெயில் வரும் பக்கம் பழைய கேன்வாஸைத் தொங்கவிட்டிருக்கிறோம். நாள் முழுக்க ஒரே நிழல். காற்றோட்டத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது.

உலையில் ஒரே நேரத்தில் இரண்டு கம்பிக்கு மேல் வேண்டாம். ஒன்று கையில், இரண்டு தீயில். எடுக்கும்போது முதலில் வைத்ததை எடுங்கள், வலமிருந்து இடமாக வரிசை மாறாமல். போன் அடித்தால் கம்பிகளை வெளியே எடுத்துவைத்துவிட்டுப் போங்கள்.

இலை அடிக்கும் வரிசை

ஒரே இலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஆறு கம்பியிலும் முனை எடுத்துவிட்டு, ஆறிலும் கழுத்து, ஆறிலும் காம்பு என்று போங்கள். ஒரே வேலையை ஆறு தடவை தொடர்ந்து செய்யும்போது கைக்கு ஒரு தாளம் வந்துவிடும். நாலாவது கம்பியில் உங்கள் சுத்தியல் தானாகவே சரியான இடத்தில் விழும்.

முதலில், கம்பி குளிர்ந்திருக்கும்போதே நுனியிலிருந்து 65 மி.மீ.-இலும் 90 மி.மீ.-இலும் சென்டர் பஞ்சால் ஆழமாக ஒரு புள்ளி குத்துங்கள். சாக்பீஸ் தீயில் போய்விடும், புள்ளி போகாது. முனை எடுக்கும் முன்னாலேயே குத்துவது முக்கியம். முனையைத் தட்டத் தட்ட அது நீளும். பிறகு அளந்தால் அந்த 65 வேறு 65 ஆகிவிடும்.

முனை எடுப்பது: கடைசி 30 மி.மீ.-ஐச் சூடாக்கி, முதலில் நாலு பக்கமும் தட்டிச் சதுரக் கூம்பாக்குங்கள். அப்புறம் நாலு விளிம்பையும் தட்டி எட்டுப் பட்டையாக்குங்கள். கடைசியில்தான் உருட்டித் தட்டி உருண்டையாக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே உருட்டி உருட்டி அடித்தால் கம்பியின் நடுவில் இரும்பு பிரிந்து உள்ளே விரிசல் விழும். நுனி மீன்வாய் மாதிரி பிளந்தால் அதற்கு இதுதான் காரணம், அல்லது ஆறிய இரும்பில் அடித்திருக்கிறீர்கள்.

கழுத்து: இலை முடிந்து காம்பு தொடங்கும் இடம். பட்டடைக்கல்லின் ஓரத்தில் வைத்தும் எடுக்கலாம், ஆனால் ஒரே மாதிரி வருவதற்கு ஸ்பிரிங் ஃபுல்லர், அதாவது கம்பியை மேலும் கீழும் அழுத்தி மெலிய வைக்கும் கருவி, செய்துகொள்ளுங்கள். 12 மி.மீ. உருண்டைக் கம்பியை இடுக்கி மாதிரி வளைத்தால் போதும், மேலே ஒரு கை, கீழே ஒரு கை. இரண்டுக்கும் நடுவில், வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் 6 மி.மீ. கனமுள்ள சின்னத் துண்டுகளைப் பற்றவைத்துவிடுங்கள். 65-ஆம் புள்ளியை ஃபுல்லரின் நடுவில் வைத்து, கம்பியைத் திருப்பித் திருப்பி அடியுங்கள். 6 மி.மீ. ஆனதும் மேல் கை அந்தத் துண்டில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு பலமாக அடித்தாலும் கழுத்து மெலியாது. களைத்த கைக்கும் பதற்றமான கைக்கும் இது பெரிய துணை. இந்த வேலையில் ஒரே ஒரு கருவிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

காம்பு: 65-க்கும் 90-க்கும் நடுவில் இருப்பதை நீட்ட வேண்டும். இங்கேயும் சதுரம், எட்டுப் பட்டை, உருண்டை என்ற வரிசைதான். ஒரு தகட்டில் 6 மி.மீ. அகலத்தில் ஒரு பள்ளமும் 6.5 மி.மீ. அகலத்தில் ஒரு பள்ளமும் அரத்தால் ராவி வைத்துக்கொள்ளுங்கள். காம்பு 6.5-இல் நுழைய வேண்டும், 6-இல் நுழையக் கூடாது. பழுத்த இரும்பின் மேல் நாடா பிடித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது, இந்தத் தகடு ஒரு விநாடியில் சொல்லிவிடும். காம்பு வேலை இலையைத் தட்டும் முன்னால் முடிந்துவிட வேண்டும். இலையை முதலில் மெல்லியதாக்கிவிட்டுக் காம்புக்காக மறுபடி உலையில் வைத்தால் மெல்லிய இலைதான் முதலில் எரியும்.

இப்போது இலை. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சுத்தியலின் தட்டையான முகம் இரும்பை எல்லாப் பக்கமும் தள்ளும். மறுமுனையில் இருக்கும் குறுகிய விளிம்பு, தான் கிடக்கும் திசைக்குக் குறுக்கே தள்ளும். மாவிலைக்கு நீளம் ஏற்கெனவே ஓரளவு வந்துவிட்டது, இனி அகலம் வேண்டும். ஆகவே அந்த விளிம்பு இலையின் நீளத்தோடு ஒத்துக் கிடக்கும்படி நின்றுகொண்டு, நடுவிலிருந்து வலது ஓரத்துக்கு ஒரு வரிசை, மறுபடி நடுவிலிருந்து இடது ஓரத்துக்கு ஒரு வரிசை அடியுங்கள். உழுத நிலம் மாதிரி கோடுகள் விழும். ஒரு பக்கம் 12 அடி என்றால் மறுபக்கமும் 12. எண்ணிக்கை தவறினால் இலை ஒரு பக்கமாக வளைந்து கத்தி மாதிரி ஆகிவிடும். அடுத்த சூட்டில் தட்டை முகத்தால் அந்தக் கோடுகளைச் சமன் செய்யுங்கள். நடு 3 மி.மீ. இருக்கட்டும், ஓரம் 2-க்குப் பக்கம் வரட்டும்.

இந்த நேரத்தில் பழுத்த இலையைத் தகட்டில் கீறிய கோட்டின் மேல் ஒரு விநாடி வைத்து எடுங்கள். எங்கே குறைகிறது, எங்கே வெளியே போகிறது என்று தெரியும். அதிக நேரம் வைத்தால் தகடு சூட்டை உறிஞ்சிவிடும். அகலம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் விட்டுவிடுங்கள், ஆறிய பிறகு அரத்தால் ராவிக்கொள்ளலாம். நாலு மில்லிமீட்டர் கூடினால் அந்த இலையைத் தனியாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கெட்டுப்போன இலையைக் காப்பாற்றப் போய் அரைமணி நேரத்தையும் கையின் தாளத்தையும் இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று உபரி அதற்குத்தான்.

நரம்பு: மழுங்கிய உளியால் நடுநரம்பை நுனியிலிருந்து காம்புவரை ஒரே கோடாக இறக்குங்கள். பக்க நரம்பு ஒரு பக்கத்துக்கு ஏழு. கூர்மையான உளி இலையை வெட்டிவிடும், முனையை அரத்தால் உருட்டிவிடுங்கள். பக்க நரம்பின் சாய்வும் இடைவெளியும் இலைக்கு இலை கொஞ்சம் மாறினால் அதைத் திருத்தப் போகாதீர்கள். தோரணத்தில் கண் தேடுவது நீளம், அகலம், தொங்கும் உயரம் மூன்றையும்தான். அவை ஒன்றாக இருந்தால் நரம்பில் இருக்கும் சின்ன வித்தியாசம் அது கையால் அடித்தது என்று சொல்லும். அச்சில் அழுத்திய இலை வேண்டுமென்றால் அக்கா என்னிடம் வந்திருக்க மாட்டார்.

பிறகு 90-ஆம் புள்ளியில் வைத்து வெட்டி எடுத்து, காம்பின் நுனியை வளையமாக்க வேண்டும். ஒரு தடித்த தகட்டில் 12 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றை நட்டுப் பற்றவைத்து, அதைச் சுற்றி வளையுங்கள். வளையத்துக்கு எவ்வளவு காம்பு போகும் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். உள்விட்டம் 12, காம்பின் கனம் 6, நடுக்கோட்டின் விட்டம் 18. அதை 3.14-ஆல் பெருக்கினால் 57 மி.மீ. மீதி 43 மி.மீ.தான் கண்ணுக்குத் தெரியும் காம்பு. நுனியிலிருந்து 57-இல் ஒரு புள்ளி குத்தி, அந்தப் புள்ளி வரைக்கும் மட்டும் சூடாக்குங்கள். சூடு அதைத் தாண்டிப் போனால் வளைவும் தாண்டிப் போகும், இலை தொங்கும் உயரம் மாறிவிடும்.

கடைசியாக இலைக்கு ஒரு சின்னக் குழிவு. செங்கால் என்ற கடின மரத்தின் கட்டை ஒன்றில் ஆழமில்லாத பள்ளம் தோண்டி வைத்திருக்கிறோம். மங்கிய சிவப்பில் இலையை அதில் வைத்து மரச்சுத்தியலால் மூன்று தட்டு. புகை வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் ஒவ்வொரு இலையிலும் கொஞ்சம் கரிந்து ஆழமாகிக்கொண்டே போகும். 12 இலைக்கு மேல் போனால் கட்டையைத் திருப்பி அடுத்த பள்ளத்துக்கு மாறுங்கள்.

என் நோட்டில் இந்த வேலை இப்படித்தான் இருக்கிறது:

மாவிலை. 12 உருண்டை. புள்ளி 65, 90. சூடு 1: முனை. சூடு 2: கழுத்து, ஃபுல்லர் முட்டும்வரை. சூடு 3, 4: காம்பு, பள்ளத் தகடு. சூடு 5: விளிம்பு முனை, 12 + 12. சூடு 6: சமன், தகட்டில் வைத்துப் பார். சூடு 7: நரம்பு 1 + 7 + 7. வெட்டு. சூடு 8: வளையம் 57. சூடு 9: குழிவு, 3 தட்டு. எடை 77.

உங்கள் எண்ணிக்கை வேறாக வரும். உங்கள் சுத்தியல் வேறு, கை வேறு. எண்ணியதை மாற்றாமல் இருந்தால் போதும்.

கையும் உடம்பும்

முழு வேலைக்கும் ஒரே சுத்தியல். ஒரு கிலோ அளவில் இருந்தால் புதியவருக்குப் போதும். முகத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் இரும்பில் பிறை பிறையாக வெட்டு விழும், அதை முதலிலேயே தேய்த்து உருட்டிவிடுங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய முட்டி பட்டடைக்கல்லின் மேல்முகத்தைத் தொட வேண்டும். உயரம் சரியில்லை என்றால் சுத்தியல் சாய்ந்து விழும், இலையின் ஒரு பக்கம் எப்போதும் மெல்லியதாகவே வரும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் உலைக்கு முன் இரண்டு மணி நேரம் நின்றால் கை தளரும். அடியின் பலம் குறைவது நமக்குத் தெரியாது, இலைக்குத் தெரியும். இலை அகலமாக்கும் வேலையைக் காலையில் வையுங்கள். வளையம், குழிவு, அரம் போடுவது போன்றவற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தாகம் எடுக்கும் முன்னாலேயே தண்ணீர் குடியுங்கள்.

பருத்தித் துணி உடுத்துங்கள், பாலியெஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கண்ணாடி, மூடிய தோல் செருப்பு, காதுக்கு அடைப்பு. கறுப்பாக இருக்கும் இரும்பைத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 400 டிகிரியில் இரும்பு எந்த நிறமும் காட்டாது. முடிந்த இலைகளை வைக்க ஒரு தகரத் தட்டு ஒதுக்கி, அதில் "சூடு" என்று எழுதி வையுங்கள். எடுக்கும் முன் புறங்கையை மேலே காட்டிப் பாருங்கள்.

துருவும் வர்ணமும்

பட்டறையிலிருந்து வெளியே வரும் இலை கருநீலமாக, அழகாக இருக்கும். தேன்மெழுகு தடவி அப்படியே மாட்டச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். வீட்டுக்குள் மாட்டுவதற்குச் சரி. பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் வெளியே மாட்டினால் உப்புக்காற்றும் மழையும் சில வாரங்களிலேயே பழுப்பாக்கிவிடும்.

வெளியே தொங்கப்போகிற இலையை ஒரு ராத்திரி வினிகரில் ஊறப் போடுங்கள். காலையில் செதில் தளர்ந்திருக்கும், கம்பி பிரஷால் தேய்த்தால் சுத்தமான சாம்பல் நிற இரும்பு தெரியும். சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைத்து, அன்றைக்கே துத்தநாகம் கலந்த பிரைமர் அடியுங்கள். ராத்திரி விட்டுவைத்தால் ஈரக்காற்றில் மறுபடி துரு பூக்கும். செலவு பார்க்காதவர்களுக்கு உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறை இன்னும் நல்லது. அந்தத் தொட்டி சுமார் 450 டிகிரியில் இருக்கும், பூச்சு தடிப்பாக ஏறும். அதற்குக் கொடுப்பதாக இருந்தால் நரம்பை வழக்கத்தைவிட ஆழமாக இறக்குங்கள், இல்லாவிட்டால் பூச்சு அதை நிரப்பிவிடும்.

மாட்டுவது

24 இலையையும் சமதளத்தில் ஒரு பலகையில் வளையம் ஒரே கோட்டில் இருக்கும்படி அடுக்குங்கள். நுனியை ஒட்டி ஒரு நூலைப் பிடியுங்கள். நூலுக்கு வெளியே போகிறதையும் எட்டாததையும் கழித்தால் 21 நிற்கும். அந்த 21-லும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். மிக நீளமானதையும் மிகக் குட்டையானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். நீளமானவற்றை நடுவில் வைத்து இரண்டு ஓரத்துக்கும் குறைந்துகொண்டே போகும்படி வைத்தால் கண்ணுக்கு அது தோரணத்தின் தொய்வாகத்தான் தெரியும்.

அக்காவின் கேட்டுக்கு மேல் 3.2 மீட்டருக்குக் கம்பி கிடைத்தது. 21 இலைக்கு 20 இடைவெளி, ஒவ்வொன்றும் 160 மி.மீ. இடைவெளியை ஓர் ஓரத்திலிருந்து நாடா நகர்த்தி நகர்த்தி அளக்காமல், நாடாவை ஒரே தடவை நீட்டிப் பிடித்து 160, 320, 480 என்று குறித்துக்கொண்டே போங்கள். கொக்கியில் நான் செய்த தப்பு அளவெடுப்பதிலும் வரும்.

இலைகள் காற்றில் ஆடும்போது வளையம் கம்பியோடு உரசும், வர்ணம் முதலில் தேய்வது அங்கேதான். வளையத்துக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு துண்டு நைலான் குழாயைச் செருகிவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருதடவை ஏணி போட்டு அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பழுப்பு ஒட்டினால் தேய்த்துவிட்டு ஒரு பூச்சு அடித்தால் போதும். மாதிரி இலை இன்னும் பட்டறை ஆணியில்தான் தொங்குகிறது. உபரியாக நின்ற இலைகளையும் நோட்டில் அந்தப் பக்கத்தின் நகலையும் அதோடு கம்பியில் கட்டி வைத்திருக்கிறேன்.